இரண்டாவது இரத்தம்

காய்ச்சலில் கிடக்கிறவனிடம் இரத்தம் எடுக்க எவராலும் முடியும். காய்ச்சல் மாறி எழும்பி நடக்கிறவனிடம் மறுபடி போய்க் கையை நீட்டச் சொல்வதுதான் எங்கள் தொழில். அந்தத் தொழிலைச் செய்து நான் சேர்த்துத் தந்த இரத்தத்தையும், அதிலிருந்து வந்த முடிவுகளையும் நகரத்தில் பூட்டி வைத்துக்கொண்டு ஒளிந்து திரிகிறீரே, ஆய்வுக்குப் பொறுப்பானவரே, உம்மைத்தான் சொல்கிறேன். பெயர் எழுத மாட்டேன். வாசிக்கும்போது உமக்கே தெரியும். ‘நீர்’ என்று எழுதுகிறேன் என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். ‘நீங்கள்’ என்பதை முடிவு வந்த பிறகு யோசிக்கலாம்.

மற்ற வாசகர்களுக்கு நான் அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்களும் எங்கேயாவது கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, ரிப்போட் எப்போது வரும் என்று கேட்டு, ஆஸ்பத்திரி வாங்கில் குந்திக் காத்திருந்தவர்கள்தானே. நான் றீற்றா. முல்லைத்தீவுக் கரையில் கருவாடு வாங்கி விற்றவள். படிப்பு பாதியில் போனது. மிச்சத்தைச் சந்தையும் இடப்பெயர்வும் அடித்து அடித்துப் படிப்பித்தன. வன்னிக் காய்ச்சல்களை ஆராயப் போகிறோம் என்று நகரத்திலிருந்து ஆட்கள் வந்தபோது, ‘ஏலாது’ என்கிறவனை ‘ஓம்’ என்று சொல்ல வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. இரத்தம் எடுக்கிறவள் சுகன்யா, ஆய்வுகூடப் படிப்புப் படித்த பிள்ளை. வாய் என்னுடையது, ஊசி அவளுடையது, ஸ்கூட்டி ஆய்வுக்காரருடையது.

இதை எழுத வைத்தவள் மலர். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு குளத்தடி ஊரில் இருக்கிறாள். புருசன் காய்ச்சலில் செத்துப்போனான். அந்த ஊரில் பரவுவது எலிக்காய்ச்சல்தான் என்று உறுதியானால், வயலில் இறங்குகிற எல்லாருக்கும் கிழமைக்கொரு தடுப்புக் குளிசை கொடுப்பார்கள். உறுதியாகாவிட்டால் கொடுக்க மாட்டார்கள். உறுதிப்படுத்தக்கூடிய இரத்தம் மலருடையது. அது உம்மிடம் இருக்கிறது. விசயம் இவ்வளவுதான், அது எப்படி உம்மிடம் வந்தது என்பதை நடந்தபடி சொல்கிறேன்.

சுகமானதும் குற்றம்

பயிற்சி நாளில் ‘பிறபொருளெதிரி’ என்ற சொல்லை எங்களுக்குப் பாடமாக்கித் தந்தார்கள். முதல் வீட்டில் அதைத் தடக்குப்படாமல் சொல்லி முடித்தேன். வீட்டுக்கார அம்மா இரண்டடி பின்னுக்குப் போய், அது தொத்துமோ என்று கேட்டா. அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டு என் பாசையில் சொல்லத் தொடங்கினேன். கிருமி வந்தவுடன் உடம்புக்கு ஆளைத் தெரியாது. அடி வாங்கி, திருப்பி அடித்து, பிறகுதான் அந்தக் கிருமிக்கென்றே ஓர் ஆயுதம் செய்து வைக்கும். காய்ச்சல் நேரத்து இரத்தத்தில் அது இராது, இருந்தாலும் சொட்டுத்தான். இரண்டு கிழமை கழித்து எடுத்தால் நிறைய இருக்கும். இரண்டு இரத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வந்தவன் ஆர் என்று அடித்துச் சொல்லலாம். இப்படி ஒரு முற்றத்தில் நின்று விளாசிக்கொண்டிருந்தபோது சுகன்யா என் சட்டையைப் பிடித்து இழுத்து, எங்கட பக்கத்தில் ‘ஆயுதம்’ என்று றோட்டுக்குக் கேட்கச் சொல்லாதேங்கோ என்று காதுக்குள் சொன்னாள். அதற்குப் பிறகு ‘தடி’ என்று மாற்றினேன்.

தடிக் கதையை ஆகக் கவனமாகக் கேட்டவர் சின்னத்துரை அண்ணை. வரம்பில் குந்தியிருந்து, நான் முடிக்குமட்டும் இடைக்கிடை தலையாட்டினார். வென்றுவிட்டேன் என்று நினைத்து ஆய்வுக்காரர் தந்த சவர்க்காரத்தையும் துவாயையும் வெளியே எடுத்தேன். அவர் துவாயைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “காய்ச்சலோட வந்தன், எடுத்தனீங்கள். இப்ப சுகமா இருக்கிறன், இப்பவும் கேக்கிறியள். அப்ப நான் எப்பிடி இருந்தாப் பிள்ளை என்னை விடுவியள்?”

யானை வெடி

கனகு அண்ணைக்கு இரண்டாவது இரத்தம் தர நேரமில்லை. காய்ச்சல் மாறின கையோடு காவலுக்குப் போய்விட்டார். யானை வேலியைப் பிரித்து, வாழையைச் சாய்த்து, குசினிச் சுவரையும் இடித்து உள்ளே வைத்த நெல்லைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மூன்றாம் முறை நாங்கள் போனபோது, விரட்ட வெடி இல்லை, வெடி கொண்டுவந்தால் கை தருவேன் என்றார். சுகன்யா அது எங்கட வேலை இல்லை என்றாள். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. அடுத்த நாள் யானையை விரட்டச் சத்தவெடி கொடுக்கிற அரசாங்கக் கந்தோரில் போய் நின்றேன். இன்று இல்லை என்றார்கள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அலுவலர் சாப்பிடப் போனார், வந்தார், நான் இருந்தேன். அலுமாரியில் இல்லாத வெடி பின்னேரம் எங்கிருந்தோ வந்தது.

கனகு அண்ணை வெடியை வாங்கிச் சாக்குக்குள் சுற்றி வைத்துவிட்டு, பேச்சு மாறாமல் கையை நீட்டினார். சுகன்யா ஊசியை இழுத்து முடித்தாள். பஞ்சை அழுத்திக்கொண்டுதான் கேட்டார்: “யானை வந்தா வெடி தருவினம். எலி வந்தா என்ன தருவினம்?”

பெயர் எழுதாத பெட்டி

எடுத்த இரத்தத்தை ஆஸ்பத்திரியில் சுழற்றி, மேலே தெளிகிற மஞ்சள் நீரைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, பஸ்ஸில் வவுனியாவுக்கு அனுப்புவோம். அங்கிருந்து நகரத்துக்கு. முதல் மாதம் பெட்டியில் ‘இரத்தம்’ என்று பெரிதாக எழுதியிருந்தோம். கோயிலுக்குப் போகிற சனம் அதற்குப் பக்கத்தில் இருக்க மாட்டோம் என்று எழும்பிவிட்டது. எழுத்தை எடுத்தால் ஏற்றுவேன், இல்லாவிட்டால் ஏற்ற மாட்டேன் என்று கொண்டக்டர் நின்றுகொண்டான். எழுத்தை எடுத்தோம். எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் போகிற றெஜிபோம் பெட்டி என்றால் அதற்குள் மீன்தான் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒருநாள் கொக்கிளாயிலிருந்து வந்த றால் பெட்டி வவுனியாவில் ஆய்வுக்காரருடைய ஆளின் கைக்குப் போனது. எங்கள் பெட்டி ஒரு மீன்கடைக்குப் போனது. செய்தி வந்தவுடன் மீன்கடைக்காரனுக்கு ஃபோன் அடித்தேன். கருவாட்டுக் காலத்தில் எனக்குத் தெரிந்தவன்தான். நான் கத்தினேன். அவன் கோபிக்கவில்லை, என்னை ஆறுதல்படுத்தினான். பெட்டியைத் திறந்து பார்த்தானாம். மீன் இல்லை. ஐஸ் மட்டும் நல்ல ஐஸ், அதைத் தன் பாரை மீனுக்குப் போட்டுவிட்டானாம். குப்பிகள் எங்கே என்று கேட்டேன். “ஒண்டும் உடையேல்லை அக்கா, எல்லாத்தையும் பத்திரமா வெளியில வெயிலில அடுக்கி வைச்சிருக்கிறன்.”

இரண்டாவது இரத்தத்தை அவ்வளவு பேரிடமும் மறுபடி போய் எடுத்தோம். அவர்கள் சொன்னதெல்லாம் எழுதக்கூடியதல்ல.

அவருக்குப் பதிலாக

மலரின் புருசனிடம் முதல் இரத்தத்தை ஆஸ்பத்திரி வாட்டில் எடுத்திருந்தோம். இரண்டாவதுக்குத் துவாயும் சவர்க்காரமுமாக வீட்டுக்குப் போனோம். ஒழுங்கையில் செத்தவீட்டு வெள்ளைக்கொடி துவண்டு கிடந்தது. வேறு வீட்டுக்காரருடையது என்று நினைத்துவிட்டேன். முற்றத்தில் வாடகைக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கையில் துவாயோடு நான் நடுவில் நின்றேன். என் வாழ்க்கையில் வாய் எழும்பாமல் நின்ற முதல் இடம் அதுதான்.

எதற்கு வந்தோம் என்று மலருக்குத் தெரியும். வாட்டில் அவளுக்கும் தடிக் கதை சொல்லியிருந்தேன். அவள் அழவில்லை. கை இரண்டையும் சேலையில் துடைத்துவிட்டு, இடது கையை நீட்டினாள். அவருடைய இரண்டாவது இல்லாவிட்டால் தன்னுடையதைப் போடச் சொன்னாள். ஒரே வயல், ஒரே வாய்க்கால், அவர் நின்ற தண்ணீரில்தான் தானும் நின்றாள் என்பது அவளுடைய நியாயம். ஒருவரின் முதலாவதுக்கு இன்னொருவரின் இரண்டாவது சரிவராது என்று சொல்லி விளங்கப்படுத்தத்தான் சுகன்யா அவள் கையைப் பிடித்தாள். பிடித்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கை கொதித்தது. மலருக்கும் காய்ச்சல்.

ஸ்கூட்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் அவளை இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டார்கள், தப்பினாள். அவளுடைய சொந்த முதல் இரத்தம் அங்கேதான் எடுபட்டது. இரண்டு கிழமை கழித்து மறுபடி அந்த முற்றத்துக்குப் போனேன். என் வழக்கப்படி நியாயத்தைத் தொடங்கினேன்: பரிசோதித்த முடிவு வீடு தேடி வரும், அது வந்தால் உன் ஊருக்கே குளிசை வரும், உன் தம்பி பயப்படாமல் வயலில் இறங்கலாம் என்று. அவள் ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். “என்னட்டைப் பேரம் பேசாதேங்கோ அக்கா. அவர் தராததையும் சேர்த்து எடுங்கோ.”

நானாவின் நிபந்தனை

முல்லைத்தீவில் இரும்புக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் இருக்கிறார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் கனகாலம் இருந்து, திரும்பி வந்து, பழைய வயலையும் வெட்டித் திருத்தி விதைக்கிறவர். அவருக்கும் காய்ச்சல் வந்து மாறியிருந்தது. இரண்டாவது இரத்தத்துக்குப் போனால், கடையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். கை தரவில்லை. முகாமில் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் வந்து அளந்தார்களாம், கேள்வி கேட்டார்களாம், இரத்தமும் எடுத்தார்களாம். ஒருவராவது திரும்பி வந்து இதுதான் கண்டோம் என்று சொன்னதில்லையாம்.

நான் விடுகிற ஆளா. எங்கட ஆய்வு அப்படியில்லை என்றேன். பொறுப்பானவர் தன் வாயால், ஒவ்வொருவருக்கும் முடிவு வீடு தேடி வரும் என்று எங்களுக்குச் சொன்னதைச் சொன்னேன். அது நீர்தான். அந்தச் சொல்லை நான் ஒவ்வொரு படலையிலும் விற்றேன். கருவாட்டில்கூட நான் பூச்சி விழுந்ததை நல்லது என்று ஒருவர் தலையிலும் கட்டினதில்லை. நானா தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். சட்டைக் கையை மடித்தார். “முடிவு வந்தா வந்து சொல்லுங்க தங்கச்சி. வராட்டி, வரல்லங்கிறதயும் வந்து சொல்லுங்க.”

விலை இறக்கம்

அடுத்த காலபோக விதைப்புக்கு மழை கறுக்கத் தொடங்கியது. முடிவு வரவில்லை. உமக்கு ஃபோன் அடித்தேன். உமது ஃபோன் எடுபடவில்லை. அலுவலகத்தில் ஒரு பொடியன் எடுத்தான், நல்ல மரியாதையான பிள்ளை. பரிசோதனை எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டதாம். ஆனால் ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையில் வரும்வரைக்கும் முடிவை வெளியே விட ஏலாதாம். கட்டுரை இன்னும் திருத்தத்தில் இருக்கிறதாம்.

சந்தையில் பழகின எனக்கு ஒரு வழிதான் தெரியும். பெரிதாகக் கேட்டு இறங்கி வருவது. எல்லாருடைய முடிவும் தா என்று தொடங்கினேன். ஏலாது. சரி, குளத்தடி ஊர் ஒன்றின் முடிவு போதும். அதுவும் ஏலாது. மலர் என்ற ஒருத்தியின் முடிவு மட்டும் தா, அவளுடைய இரத்தம், அவளுக்குச் சொல்லத்தானே கேட்கிறேன். தன்னுடைய கையில் இல்லை என்றான். கடைசியாக, தம்பி, நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், எலிக்காய்ச்சல் என்றால் ஒருக்கா இருமு, இல்லையென்றால் ஃபோனை வை என்றேன். அதற்குக் கீழே எந்த வியாபாரியும் இறங்க மாட்டான். அவன் இருமவுமில்லை, வைக்கவுமில்லை. பாவம் போல ஒரு பெருமூச்சு விட்டான். “அக்கா, ஒரு ஆளின்ர முடிவு எண்டது ஆய்வில ஒரு முடிவே இல்லை.”

தெரிந்தது காணாது

அந்தக் கோபத்தோடு சுகாதாரப் பரிசோதகரிடம் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். அவர் சண்டைக்கு இடமே தரவில்லை. கதிரை தந்து இருத்தினார். மலரின் புருசன் செத்த வீட்டுக்குத் தானும் போனதாகச் சொன்னார். ஊரில் எலி அதிகம், வாய்க்கால் ஊத்தை, சனம் காலில் வெட்டுக்காயத்தோடு இறங்குகிறது, எல்லாம் தனக்குத் தெரியுமாம். குளிசைப் பெட்டி அவருக்குப் பின்னால் அடுக்கியிருந்தது. அது எலிக்காய்ச்சல் உறுதியான ஆட்கள் இருக்கிற ஊர்களுக்கு. இந்த ஊரில் செத்தவனுக்கு எழுதியிருப்பது ‘காரணம் அறியப்படாத காய்ச்சல்’.

நீங்கள் மனம் வைத்தால் தரலாம்தானே என்றேன். மேலிடத்துக்கு இரண்டு தரம் கேட்டு எழுதினாராம். ஆய்வுகூட முடிவை இணைத்து அனுப்பும்படி பதில் வந்ததாம். மேசையிலிருந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார், திருப்பிப் போட்டார். “எனக்குத் தெரியும் அக்கா, உங்களுக்குத் தெரியும், அந்த ஊரில எலிக்கும் தெரியும். நாங்கள் தெரிஞ்சு வைச்சிருக்கிறது காணாதாம்.”

விதைப்பு

அந்த ஊரில் போன மாதம் விதைத்தார்கள். மலரின் தம்பி சீலனும் இறங்கினான். இறங்காமல் என்ன செய்வது, இரண்டு வீட்டுக்கும் அந்த வயல்தான் சோறு. மலர் அவன் காலில் இருந்த வெடிப்புக்கெல்லாம் எண்ணெய் பூசி, அதன் மேல் பொலித்தீன் பையைச் சுற்றி, றப்பரால் கட்டி அனுப்பினாளாம். சேறு அதைக் கழற்றி எடுக்க எவ்வளவு நேரம்.

நேற்று வாட்டுக்குப் போனேன். புதிதாக வந்த காய்ச்சல்காரரிடம் முதல் இரத்தம் எடுக்கிற நாள். மூன்றாவது கட்டிலில் சீலன். கண் இரண்டும் சிவந்து, கெண்டைக்கால் நோவில் முனகிக்கொண்டு கிடந்தான். தலைமாட்டில் மலர். மருந்து ஏற்றுகிறார்கள், டொக்டர்மார் தங்களால் ஆனதைச் செய்கிறார்கள். அவர்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுகன்யா அவன் சம்மதத்தைக் கேட்டு, கையில் பட்டியைக் கட்டினாள். அடுத்து நான் பேச வேண்டும். முடிவு வீடு தேடி வரும் என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தேன், வரவில்லை. தடிக் கதையும் வரவில்லை. சுகன்யா குனிந்து குப்பியில் இலக்கத்தை எழுதினாள், எழுதி முடிந்த பிறகும் நிமிரவில்லை.

மலர்தான் எனக்கு உதவி செய்தாள். நான் அடுத்ததாக எதைக் கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும், அதைக் கேட்கிற வேலையை எனக்கு மிச்சம் வைக்கவில்லை. தம்பியின் போர்வையை இழுத்து நெஞ்சுவரை மூடினாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “ரெண்டாவதுக்கு வீட்டை வாங்கோ அக்கா. இருந்தாத் தருவான்.”

ஊர் ஊராய் மற்றவன் கையை இரண்டாம் தரம் நீட்டச் சொல்லியே சம்பளம் வாங்கினவள் என்றபடியால் உம்மிடமும் வெட்கமில்லாமல் மறுபடி கேட்கிறேன், உமது கட்டுரை வந்தாலென்ன வராவிட்டாலென்ன, மலருடைய முடிவை அந்தப் பிள்ளையின் இரண்டாவது இரத்தத்துக்கு நான் போகிற நாளுக்கு முன்னம் அனுப்பிவிடும், இதில் பேரம் கிடையாது.